எடை ஏறவில்லையா, ஏறியது தெரியவில்லையா? சாலைச் சோதனை எந்திரத்தில் கோளாறு பார்க்கும் முறை

சிங்கப்பூரில் சாலைச் சோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டெக்னீஷியன்களுக்காக இதை எழுதுகிறேன். எஃப்டபிள்யூடி (ஃபாலிங் வெயிட் டிஃப்ளெக்டோமீட்டர்) என்று நாம் சொல்லும், எடையை விழவிட்டுச் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் டிரெய்லர் எந்திரம் பகலில் பணிமனையில் ஒழுங்காக ஓடும். ராத்திரி விரைவுச்சாலையில் ஒரு தடத்தை அடைத்துவிட்டு நிற்கும்போதுதான் மக்கர் செய்யும். பின்னால் தடுப்பு லாரி விளக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். பெர்மிட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பாதையைத் திறந்துவிட வேண்டும். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வரும். அந்த நேரத்தில் கை எங்கே போக வேண்டும், எங்கே போகவே கூடாது என்று தெரிந்திருந்தால் பல கோளாறுகளை அங்கேயே சரிசெய்துவிடலாம். மற்றதை, இன்னும் கெடுக்காமல் பணிமனைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம்.

எந்திரம் செய்வதை முதலில் வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்று சாலைமேல் இறங்குகிறது. அதோடு ஜியோஃபோன்கள் (சாலையின் அசைவை உணரும் சென்சார்கள்) வரிசையாகப் பொருத்திய நீண்ட சட்டமும் இறங்குகிறது. பிடிப்பான் எடைக்கட்டைப் பிடிக்கிறது. ஹைட்ராலிக் சிலிண்டர் எடையைத் தூக்குகிறது. குறித்த உயரம் வந்ததும் பிடி விடுகிறது. எடை ரப்பர் பஃபர்கள்மேல் விழ, தட்டின் வழியாக 25 முதல் 30 மில்லிசெகண்ட் நேரம் ஓர் அடி சாலைக்குள் இறங்குகிறது. ஓடும் லாரியின் சக்கரம் கொடுக்கும் அழுத்தத்தைப் போன்றது அது. சாலைகளில் 40 கிலோநியூட்டன் அளவில் அடிப்பது வழக்கம். 80 கிலோநியூட்டன் அச்சுச் சுமையில் அது பாதி. விமான ஓடுபாதைகளுக்கு இதே வகையில் கனமான எந்திரம் இருக்கிறது, அது 200 கிலோநியூட்டனுக்கு மேலும் அடிக்கும். அடியின் அளவை லோட் செல் சொல்கிறது. சாலை எவ்வளவு அமுங்கியது என்பதை ஜியோஃபோன்கள் மைக்ரான் கணக்கில் சொல்கின்றன.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு படியிலும் கன்ட்ரோலர் ஒரு வால்வுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, ஒரு சுவிட்ச் ‘ஆயிற்று’ என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் எரர் போடுகிறது. ஆகவே திரையில் வருவது கோளாறின் பெயர் இல்லை. எந்தப் பதிலுக்காகக் காத்திருந்து நின்றது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

புதியவர்களோடு அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

“அண்ணே, எடை ஏறலன்னு எரர் காட்டுது. வால்வு போயிடுச்சு போல.”

“எடை ஏறுச்சா இல்லையான்னு கண்ணால பாத்தியா தம்பி?”

“இல்லண்ணே, ஸ்கிரீன்லதான்...”

“போய்ப் பாத்துட்டு வா.”

போய்ப் பார்த்தால் எடை மேலேயே நின்றுகொண்டிருக்கும். வால்வு, பம்ப், எண்ணெய் எல்லாம் வேலையைச் செய்துவிட்டன. சொல்ல வேண்டிய சுவிட்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எடை நிஜமாகவே கீழே கிடந்தால் அது ஹைட்ராலிக் பக்கத்துச் சிக்கல். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இதைச் செய்யாமல் வால்வைக் கழற்றத் தொடங்குகிறவர்கள், நன்றாக இருந்த ஒன்றுக்குள் தூசியைப் புகுத்திவிட்டு இரண்டு கோளாறோடு பணிமனைக்கு வருவார்கள்.

தொடுவதற்கு முன்னால்

எடை தூக்கிய நிலையில் இருந்தால் அதன் கீழே கை, தலை, டார்ச் எதுவும் போகக் கூடாது. எடையைப் பூட்டும் பின்னைப் போட்ட பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். சோலினாய்டு வால்வின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) கனெக்டரைப் பிடுங்கினால் எடை அசையாது என்று நம்பிவிடாதீர்கள். சில வால்வுகளுக்கு மின்சாரம் நின்றால் திறந்துகொள்வதுதான் இயல்பு.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஹோஸில் ஊசித் துளை விழுந்தால் அங்கிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தசை அழுகிக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் ‘நாளைக்குக் காலையில் கிளினிக்குப் போகலாம்’ என்ற பேச்சே வேண்டாம். 995 கூப்பிடுங்கள், அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று வார்த்தை பிசகாமல் சொல்லுங்கள். விரலையும் சில நேரம் கையையும் காப்பாற்றுவது அந்த ஒரு வாக்கியம்தான். கசிவு தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸ் ஓரமாக அட்டையை நகர்த்தினால் எண்ணெய் படும் இடத்தில் ஈரக்கோடு விழும்.

எண்ணெய் தரையில் கொட்டியிருந்தால் அதையும் உடனே கவனிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாக மோட்டார்சைக்கிள்கள் சாரிசாரியாக வரத் தொடங்கிவிடும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஒரு தட்டளவு எண்ணெய் கிடந்தாலும் இரண்டு சக்கரத்தில் வருபவருக்கு அது உயிருக்கே ஆபத்து. உறிஞ்சும் பொடியும் துணியும் வண்டியில் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஓரத்து வடிகாலில் தள்ளிவிடக் கூடாது. இங்கே வடிகால் நீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

தட்டு தரையில் கிடக்கும் நிலையில் எந்திரம் நின்றுவிட்டால், காரணத்தைத் தேடுவதற்கு முன் அதைத் தூக்கிப் பூட்டும் வழியைப் பாருங்கள். பெரும்பாலான எந்திரங்களில் கைப்பம்போ, வால்வின் முனையில் கையால் அழுத்தும் பொத்தானோ இருக்கும். உங்கள் எந்திரத்தில் அது எங்கே இருக்கிறது என்பதைப் பகலில், பணிமனையில், ஒரு தடவை செய்து பழகிவையுங்கள். பாதையைத் திறக்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

எடை நிஜமாகவே ஏறவில்லை என்றால்

காதைக் கொடுங்கள். பம்ப் மோட்டார் சத்தம் போடுகிறதா?

சத்தமே இல்லையென்றால் முதலில் அவசர நிறுத்தப் பொத்தான். யாரோ முழங்கையால் இடித்து அழுத்தியிருப்பார்கள், இது நிறைய நடக்கும். அப்புறம் ஃபியூஸ், அப்புறம் பேட்டரி. ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்து மோட்டார் சுற்றாவிட்டால் ரிலே வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதுமான மின்சாரம் போகவில்லை என்று அர்த்தம்.

இங்கே மல்டிமீட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். அதைப் பார்த்துவிட்டு பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த மோட்டார் ஓடும்போது மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். ஒருவரை எடை தூக்கும் கட்டளை கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்த நொடியில் மோட்டாரின் முனைகளிலேயே அளக்க வேண்டும். பேட்டரியில் 11.8 இருக்கும்போது மோட்டாரில் 9.5 வந்தால் 2.3 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வோர் இணைப்புக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் இருக்கும். அரை வோல்ட் காட்டும் இணைப்பில் பச்சைத் துரு பிடித்திருக்கும், அல்லது நட்டு தளர்ந்திருக்கும். பெரும்பாலும் அது டிரெய்லர் சட்டத்தோடு சேரும் எர்த் கேபிளில்தான் இருக்கும். இழுக்கும் வண்டியின் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வருகிறதா என்பதையும் பாருங்கள். இந்த ஊர் வெப்பத்தில் பேட்டரி சீக்கிரம் ஓய்ந்துபோகும், குளிர்நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

மோட்டார் சுற்றுகிறது, எடை ஏறவில்லை என்றால் சத்தத்தின் வகையைக் கேளுங்கள். இந்த வேலையில் அனுபவம் என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

மோட்டார் முக்கி முனகிக்கொண்டு ஓடினால் அழுத்தம் ஏறுகிறது, ஆனால் எண்ணெய்க்குப் போக வழியில்லை, அல்லது எடையை ஏதோ பிடித்துவைத்திருக்கிறது. பூட்டுப் பின்னை எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். எடுத்திருந்தால் வால்வு திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

மோட்டார் லேசாக, சுமையே இல்லாதது போல ஓடினால் அழுத்தம் உருவாகவே இல்லை. அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை விடும் ரிலீஃப் வால்வு தூசியால் திறந்தபடி நின்றிருக்கலாம், ஏதோ ஒரு வால்வு எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி விட்டுக்கொண்டிருக்கலாம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம்.

கீச்சென்று அலறும் சத்தம் வந்தால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை அல்லது காற்றை உறிஞ்சுகிறது. தொட்டியில் அளவைப் பாருங்கள். அளவு பார்க்கும்போது சிலிண்டர்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லும், அதே நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர் நீண்டிருக்கும்போது எண்ணெய் அதற்குள் இருக்கும், தொட்டியில் குறைவாகத் தெரியும். அப்போது ஊற்றி நிரப்பினால் சிலிண்டர் உள்ளே வரும்போது மூடி வழியாகப் பொங்கும். எண்ணெயில் நுரை தெரிந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. பால் கலந்தது போல வெளிறி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தொட்டி மூடியின் ரப்பரைக் கவனியுங்கள். பால்போல ஆன எண்ணெயை முழுதாக மாற்றத்தான் வேண்டும், மேலே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிச் சமாளிக்க முடியாது. எண்ணெய் வகையையும் பாருங்கள்: குளிர்நாடுகளிலிருந்து வரும் எந்திரத்தின் கையேட்டில் வெப்பநிலைவாரியாக வெவ்வேறு தடிமன் போட்டிருந்தால், நமக்கு உரியது வெப்ப நாட்டுக்கான வரி.

வால்வைச் சந்தேகித்தால் உடனே கழற்ற வேண்டாம். கட்டளை கொடுக்கச் சொல்லிவிட்டு, சோலினாய்டு காயிலின் நடு நட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் முனையைக் காட்டுங்கள். காயிலுக்கு மின்சாரம் வந்தால் முனையைக் காந்தம்போல இழுக்கும். இழுத்தால் மின்சாரப் பக்கம் சரி, வால்வின் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. இழுக்காவிட்டால் கனெக்டரைக் கழற்றி காயிலின் மின்தடையை அளந்து பாருங்கள். 12 வோல்ட்டில் 24 வாட் எடுக்கும் காயிலுக்கு 6 ஓம் வர வேண்டும். முடிவில்லா அளவு காட்டினால் காயில் அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தால் மின்சாரம் அதுவரை வரவில்லை, பின்னோக்கித் தேடிப் போங்கள்.

ஒரே மாதிரி காயில்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிது. இரண்டையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் அது நிரபராதி. மாற்றியதை நோட்டில் எழுதிவையுங்கள்.

வால்வின் உட்பகுதியைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் பணிமனையில் செய்யுங்கள். எடை கீழே, தட்டு கீழே, மின்சாரம் துண்டித்து, கையால் அழுத்தும் பொத்தானால் மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். சுற்றிலும் துடைத்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் போதும், வால்வு மூடாமல் நிற்கும். புது எண்ணெயால் கழுவுங்கள், நூல் உதிரும் கழிவுப் பஞ்சால் துடைக்காதீர்கள். ரிலீஃப் வால்வின் திருகை மட்டும் பிரஷர் கேஜ் இல்லாமல் தொடவே கூடாது. அதைத் திருகி எடையை ஏற்றிவிட்ட ஒப்பந்தக்காரர் ஒருவரின் எந்திரத்தைப் பார்த்திருக்கிறேன். உண்மைக் கோளாறு தேய்ந்த பம்ப். திருகை இறுக்கியதில் மிச்சமிருந்த பழைய ஹோஸும் வெடித்திருந்தது.

எடை ஏறுகிறது, ஆனால் மேலே நிற்காமல் மெல்ல இறங்குகிறது என்றால் சோதிக்க ஒரு சாக்கட்டி போதும். எடை கீழே இருக்கும்போதே வழிகாட்டித் தண்டில் நடு உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, எடையை அந்தக் கோடுவரை தூக்கி, பம்பை நிறுத்தி, எட்டி நில்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடை கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். விலகியிருந்து, வெளியே எங்கும் எண்ணெய் ஈரம் இல்லையென்றால் கசிவு உள்ளேதான்: எண்ணெயைப் பிடித்துவைக்கும் செக் வால்வு, அல்லது சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல். செக் வால்வைச் சுத்தம் செய்து பார்ப்பது மலிவு, அதை முதலில் செய்யுங்கள்.

ஹோஸ் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹோஸின் மேல் தயாரித்த காலம் அச்சிட்டிருக்கும். மேல் ரப்பர் வெடித்து உள்ளே கம்பிப் பின்னல் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். பழையதைக் கையில் கொண்டுபோனால் அதே நீளத்துக்குச் செய்து கொடுக்கும் கடைகள் இங்கே நிறைய உண்டு, ராத்திரியில் வண்டியோடு வந்து செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏறியது தெரியவில்லை என்றால்

இந்த எந்திரத்தில் உயரத்தையும் நிலையையும் சொல்பவை பெரும்பாலும் இண்டக்டிவ் வகை ப்ராக்ஸிமிட்டி சுவிட்சுகள். எதிரே சில மில்லிமீட்டர் தூரத்தில் இரும்பு வந்தால் ‘ஆம்’ என்று சொல்லும். பின்பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியும். அந்த விளக்குதான் உங்களுக்கு முதல் சாட்சி.

சுவிட்சின் முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸோடு இரும்புத் தூள் சேர்ந்து கருப்பாக ஒட்டியிருக்கும். எடை பிடிப்பானில் மோதி மோதித் தேயும்போது உதிரும் தூள் அது. அந்தப் படலம் தடித்துவிட்டால் எதிரே இரும்பு இல்லாதபோதும் சுவிட்ச் ‘ஆம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். துணியால் துடைத்த மறுநொடி விளக்கு அணைவதைப் பார்க்கலாம். அப்படி அணைந்தால் கோளாறும் அங்கேயே தீர்ந்தது.

துடைத்தும் சரியாகவில்லை என்றால், எடையைப் பூட்டிய பிறகு, சுவிட்ச் முகத்தில் ஒரு ஸ்பேனரைக் காட்டுங்கள். விளக்கு எரிந்து, கணினியிலும் நிலை மாறினால் சுவிட்ச் நலம். அப்படியானால் எதிரே வர வேண்டிய இரும்புத் துண்டு வளைந்திருக்கும், அல்லது இடைவெளி கூடியிருக்கும். விளக்கு எரிகிறது, கணினியில் மாற்றமில்லை என்றால் கேபிள், கனெக்டர், அல்லது உள்ளீட்டு அட்டை. விளக்கே எரியவில்லை என்றால் சுவிட்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று பழுப்பு நிற ஒயருக்கும் நீல ஒயருக்கும் இடையே அளந்து பாருங்கள். பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கருப்பு சிக்னல்: மூன்று ஒயர் சுவிட்சுகளில் இதுதான் பொது வழக்கம். மின்சாரம் வந்தும் விளக்கு எரியாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. புதிது வாங்கும்போது பிஎன்பி வகையா என்பிஎன் வகையா என்று பழையதின் உடம்பில் பார்த்து அதையே வாங்குங்கள். அவசரத்துக்கு சிம் லிம் டவரில் அலைந்தால் கனெக்டரும் ஒயரும் கிடைத்துவிடும், சில நாள் சுவிட்சும் கிடைக்கும்.

சில நேரம் சரியாக இருந்து சில நேரம் விடும் கோளாறுதான் ஆளைப் படுத்தும். கேபிள் மேலும் கீழும் மடங்கும் இடத்தைச் சந்தேகியுங்கள். மேலுறை முழுதாகத் தெரியும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். ஒருவர் விளக்கையோ திரையையோ பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து வந்தால் இடம் சிக்கிவிடும்.

எரரே வராத கோளாறுகள்

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியம். எந்திரம் நின்றுவிட்டால் யாருக்கும் தெரியும். எந்திரம் நிற்காமல் தவறான எண்ணைக் கொடுத்துக்கொண்டே போனால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணை வைத்து ஒரு பொறியாளர் சாலைக்கு எத்தனை மில்லிமீட்டர் தார் போட வேண்டும் என்று முடிவு செய்வார். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் வரும் எண்களை நீங்கள் வாசிக்கப் பழக வேண்டும்.

ஜியோஃபோன் வரிசையில் அமுக்கம் தட்டின் நடுவில் மிக அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைந்துகொண்டும் வர வேண்டும். 300 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதைவிட 450 தள்ளி இருப்பது அதிகமாகக் காட்டினால் நிறுத்துங்கள். உடனே ஜியோஃபோனைக் குறை சொல்லவும் வேண்டாம். நடுவில் ஒரு விரிசலோ காங்கிரீட் பலகையின் இணைப்போ இருக்கலாம். ஜியோஃபோன் முனைக்கடியில் ஒரு சரளைக்கல் சிக்கியிருக்கலாம். பக்கத்துத் தடத்தில் கன்டெய்னர் லாரி போயிருக்கலாம்.

லாரி போகும்வரை பொறுத்து அதே இடத்தில் இன்னொரு அடி. பிறகு ஒரு மீட்டர் முன்னே நகர்ந்து இன்னொன்று. கோளாறு மறைந்தால் காரணம் அந்த இடம். எங்கே போனாலும் அதே ஜியோஃபோன் தப்பாகவே காட்டினால் காரணம் எந்திரத்தில். முனை சுத்தமா, சட்டத்தில் தடையின்றி மேலும் கீழும் அசைகிறதா, ஸ்பிரிங் உறுதியாக அழுத்துகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பக்கத்து ஜியோஃபோனோடு இடம் மாற்றுங்கள். தப்பு ஜியோஃபோனோடு போனால் அது பழுது. அதே சேனலில் தங்கினால் கேபிள் அல்லது மின்னணுப் பக்கம். சோதித்து முடித்ததும் கட்டாயம் பழைய இடத்துக்கே மாற்றுங்கள். ஒவ்வொரு ஜியோஃபோனுக்கும் தனித் திருத்தக் காரணி மென்பொருளில் இருக்கிறது. மாற்றியதை மறந்து வேலையைத் தொடர்ந்தால் அந்த ராத்திரி எடுத்த அளவு முழுவதும் வீண்.

ஜியோஃபோன் என்பது காந்தமும் செம்புச் சுருளும்தான், அதற்கு வெளி மின்சாரம் வேண்டாம். எனவே கழற்றி மின்தடையை நேராக அளக்கலாம். ஒரே வகையில் உள்ள எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஒன்று மட்டும் விலகினால் அதைத் தனியே எடுத்துவையுங்கள். லோட் செல்லை அளக்கும்போது கேபிளைக் கழற்றிவிட்டு உள்ளீட்டு ஜோடியையும் வெளியீட்டு ஜோடியையும் தனித்தனியே அளந்து, அதோடு வந்த சான்றிதழ்த் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

விசை குறைந்து வந்தால் ஒரு சின்னக் கணக்கு உதவும். விசை விழும் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் 10 சதவீதம் குறைந்தால் விசை சுமார் 5 சதவீதம்தான் குறையும். விசை 20 சதவீதம் குறைய வேண்டுமானால் உயரம் 36 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆகவே உயரம் சரியாகத் தெரிந்து விசை மட்டும் பெரிதாகக் குறைந்தால், வழிகாட்டித் தண்டுகளில் எடை உரசுகிறதா, ரப்பர் பஃபர் ஏதாவது உடைந்ததா அல்லது விடுபட்டதா, லோட் செல் கேபிள் சரியா என்று பாருங்கள். ஆரம்ப அடிகளில் எண்கள் கொஞ்சம் ஆடும். ரப்பர் சூடேறி நிலைக்கு வர வேண்டும், தட்டும் தரையில் படிய வேண்டும். அதனால்தான் கணக்கில் சேராத அடி ஒன்றிரண்டை முதலில் அடிக்கிறோம். வழக்கமான தேவை, லோட் செல் 2 சதவீதத்துக்குள்ளும், ஜியோஃபோன் 2 சதவீதம் அல்லது 2 மைக்ரானுக்குள்ளும் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது.

சாலை மேற்பரப்பின் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு சென்சாரின் கண்ணாடியில் தூசியும் எண்ணெய்ப் படலமும் சேரும். மெல்லிய துணியால் துடைத்து, கையடக்க வெப்பமானியோடு ஒப்பிட்டால் போதும். தார் வெப்பத்தில் இளகும் பொருள், இந்த எண் தப்பானால் கணக்கு முழுதும் சாயும். தூரம் அளக்கும் சக்கரத்துக்கு டயர் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். காலாங் பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்தில் ஜிபிஎஸ் கிடைக்காது, அங்கே இடத்தைச் சொல்வது இந்தச் சக்கரம் மட்டும்தான். 1 சதவீதப் பிழை ஒரு கிலோமீட்டரில் 10 மீட்டர்.

இந்த ஊரின் ஈரம்

சென்சார் கோளாறுகளுக்கு இங்கே பெரிய காரணம் காற்றிலுள்ள ஈரம். ஏர்கானில் குளிர்ந்திருந்த பெட்டியை ராத்திரி வெளிக்காற்றில் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வெளியே வைத்துச் சூடேற விடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டுவையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். கனெக்டர்களைக் காண்டாக்ட் கிளீனரால் கழுவி, காய்ந்த பிறகே மாட்டுங்கள். சுமத்ரா காற்று மழை பெரும்பாலும் விடியும் நேரத்தில்தான் அடித்துக்கொண்டு வரும், அதாவது நாம் மூட்டை கட்டும் நேரம். வானம் மேற்கே கறுத்தால் கனெக்டர் மூடிகளைப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்து எந்திரத்தைக் கழுவும்போது உயரழுத்தத் தண்ணீரை சென்சார், கனெக்டர், மோட்டார் பக்கம் அடிக்காதீர்கள். மழையைத் தாங்கும் ரப்பர் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

எந்திரம் நலமாக இருக்கும் நாளில் அளவெடுத்து வையுங்கள்: ஒவ்வொரு காயிலின் ஓம், ஒவ்வொரு ஜியோஃபோனின் ஓம், எடை தூக்கும்போது மோட்டாரில் வோல்ட், அடியிலிருந்து உச்சிவரை ஏற எத்தனை நொடி. ஒரு தாளில் எழுதி மின்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஏறும் நேரம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் பம்போ ஃபில்டரோ ஓய்கிறது என்று எரர் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டி வந்தால் ஐரோப்பிய அலுவலகங்கள் நமக்குப் பிற்பகலில்தான் திறக்கும், ஆறேழு மணி நேர வித்தியாசம். ‘எடை ஏறவில்லை’ என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு முதலில் கேள்விகள்தான் வரும், ஒரு நாள் போய்விடும். எடை கண்ணுக்கு ஏறியதா, சுவிட்ச் விளக்கு எரிந்ததா, மோட்டார் முனையில் எத்தனை வோல்ட், காயில் எத்தனை ஓம், கையால் அழுத்தினால் வேலை செய்ததா என்பதையும், எரர் வந்த திரையின் படத்தையும், மோட்டார் சத்தம் கேட்கும் சின்ன வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள்.

பழுது பார்த்த பிறகு, கோளாறுக்கு முன் கடைசியாகச் சரியான அளவு கிடைத்த இடத்துக்கே திரும்பிப் போய் அடித்துப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போனால் அங்கிருந்து தொடரலாம். ஒத்துப்போகாவிட்டால் இடையில் எடுத்த இடங்களைச் சந்தேகத்துக்குரியவை என்று குறித்து பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக அழித்துவிட வேண்டாம். ஜியோஃபோனையோ லோட் செல்லையோ மாற்றியிருந்தால் அதன் புதுக் காரணியை மென்பொருளில் ஏற்றி, ஜியோஃபோன்கள் அனைத்தையும் ஒரே தாங்கியில் அடுக்கி ஒப்பீட்டு அளவுத்திருத்தம் செய்து முடித்த பிறகே அடுத்த ராத்திரி வேலைக்கு வண்டியை எடுங்கள்.